‘வீடற்றவன்’ எழுதியவரின் வீட்டுக்குக் காணி உறுதி கேட்டு ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் காணிகளுக்கும் கலாசார அலுவல்களுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், மலையக மக்களின் வாக்குகளைப் பெற்று நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும்:

இலங்கையின் மலையகத் தோட்டத் தமிழர்களின் கவிஞரும், ‘வீடற்றவன்’ நாவலின் ஆசிரியருமான சி. வி. வேலுப்பிள்ளை பிறந்து வளர்ந்த வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் அவருடைய வீட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள காணிக்கும் சட்டப்படி என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்டு, என் மாலை வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் கையெழுத்திட்டு எழுதிய கடிதத்துக்குப் பதினொரு மாதங்கள் கழித்துப் பதில் வந்திருக்கிறது. மொத்தம் நான்கு வரிகள். அந்தக் காணி குத்தகைக்கு உட்பட்டது, ஆகவே தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று இரண்டு வரிகள். இத்துடன் இந்தக் கோவை மூடப்படுகிறது என்று இரண்டு வரிகள். தோட்ட நிர்வாகத்தை நாங்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தோம். காணி அரசாங்கத்துடையது, நினைவிடம் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் போன அலுவலகத்தில், கடிதம் தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னிலையில் ஓர் உத்தியோகத்தருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் பேருந்தில் திரும்பி வரும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அந்த மௌனத்தை நான் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது என்பதால்தான் இந்த மடல்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனைதான், ஆனாலும் சொல்கிறேன். சி. வி. 1914 செப்டெம்பர் 14 அன்று பிறந்தார். 1984 நவம்பர் 19 அன்று மறைந்தார். இந்த நாட்டின் முதலாவது நாடாளுமன்றத்துக்கு, 1947இல், இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தெரிவான எழுவரில் அவர் ஒருவர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர். அவர் அந்த மன்றத்தில் அமர்ந்திருந்த நாள்களிலேயே 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது, அவரைத் தெரிவு செய்து அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். தன்னை அனுப்பிய மக்களைச் சட்டம் ஒரே வீச்சில் அந்நியராக்குவதை உள்ளேயிருந்து பார்த்த ஒரு கவிஞர் அதற்குப் பிறகு என்ன எழுதுவார் என்பதற்கு அவருடைய நூல்களே சாட்சி. ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தில் நாம் படிக்கும் ஆங்கில நெடுங்கவிதை, 1970இல் வந்த தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆங்கிலச் சித்திரங்கள், 1981இல் ‘வீடற்றவன்’, இறந்த ஆண்டிலேயே ‘இனிப்பட மாட்டேன்’. இவற்றோடு, தோட்டம் தோட்டமாகப் பெண்களும் ஆண்களும் பாடிய பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த தொகுப்பு. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிப் பணி அவருடைய நாவல்களை விடவும் பெரியது. நாவலை இன்னொருவர் எழுதலாம். வாயிலிருந்து வாய்க்குப் போன பாட்டை, பாடியவர் கண்ணை மூடிய பிறகு யாராலும் எழுத முடியாது.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதப் பாதையில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் இருக்கிறது வட்டகொடை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வரும் சுற்றுலாப் பயணிகள் அந்தப் பகுதியில்தான் பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். படத்தில் கொழுந்தும் கூடையும் கூடை சுமக்கும் பெண்ணும் விழுகிறார்கள். அந்தப் பெண்ணின் பேச்சை ஆங்கிலத்தில் உலகத்துக்குச் சொன்ன மனிதர் இதே மலைச்சரிவில் பிறந்தவர் என்பதை அந்தப் பயணிகளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த நிலையத்தில் இறங்கி நடந்த காலையில், எங்கள் வகுப்பின் மிகச் சிறிய பிள்ளை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான ஒரு மடுவத்தின் சுவரில் இருந்த எழுத்துகளை எல்லாம் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். நிறுக்கும் நேரம், உரம் போடும் நாள், புகைத்தல் தடை. “டீச்சர், அவருடைய பேரை எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டாள். நாங்கள் நடந்து வந்த வழியில் அவளுக்குக் காட்ட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு தனிமனிதரின் அலட்சியத்தை நான் குற்றம் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு வீடு யாருடையது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பதில் இல்லாததுதான் வேர். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டு, பின்னர் நீண்ட காலக் குத்தகையாயிற்று. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு அந்தக் கைமாற்றங்கள் எதிலும் இடமில்லை. நான் பிறந்த லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. என் தாயின் தாய் அதில் குடும்பம் நடத்தினார், என் தாய் அதில் என்னைப் பெற்றார், கூரைத் தகரத்தை எங்கள் செலவில் மாற்றினோம். ஆனால் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்த உரிமைக்குக்கூட எங்களிடம் துண்டுக் கடதாசி கிடையாது. அந்த லயம் இன்று இல்லை. மழைக் காலமொன்றில் பின்பக்கத்து மண்மேடு சரிந்து, மூன்று காம்பராக்கள் இருந்த இடம் இப்போது புல். அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தான் குடியிருக்கும் நிலத்தில் உரிமை இல்லை என்றால், அந்த மக்களின் எழுத்தாளருடைய வீட்டையும் அதே உரிமையின்மைதான் சூழ்ந்து நிற்கும். இன்று நல்லெண்ணமுள்ள ஒரு தோட்ட அதிகாரி இருந்தால் வீடு நிற்கும். நாளை அவர் மாற்றலாகிப் போனால், அடுத்தவர் அந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம் கட்டினாலும் கேட்க ஆளில்லை. நல்லெண்ணத்தை நம்பி ஒரு மரபை விட்டுவைக்க முடியாது. அதற்கு உறுதிப்பத்திரம் வேண்டும்.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லப்படுவதையும் நான் கேட்டிருக்கிறேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமைக்கு வரைந்திருக்கும் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். எங்கள் முன்னோர் கோப்பிக் காடுகளை வெட்டத் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கியது அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில். அந்த ஒரு திகதியால், இந்த மண்ணில் நாங்கள் செய்த எதுவும் தானாகத் தொல்பொருளாகாது. ஆனால் அதற்குப் பிந்திய கட்டடங்களையும் தனியாக அறிவித்துப் பாதுகாக்கும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் பல அந்த வழியாகத்தான் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. உள்ளூராட்சி பற்றியும் இப்படித்தான் சொல்லப்பட்டது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க முடியாது என்று எத்தனை ஆண்டுகளாக எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்! 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தக் காரணமும் இல்லை.

எழுத்தாளரின் வீட்டைப் பேணத் தெரியாத நாடு இது என்று சொன்னால் அது பொய்யாகும். கொக்கலையில் சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீட்டுக்கு என் பிள்ளைகளை நானே அழைத்துச் சென்றிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் விமானத் தளம் அமைப்பதற்காகக் கிராமத்தையே காலி செய்தபோதும் தப்பிப் பிழைத்த வீடு அது. இன்று அதைச் சுற்றி ஒரு நாட்டாரியல் அருங்காட்சியகம் இருக்கிறது. மீன்பிடி வலையும், மட்பாண்டமும், பிள்ளைகள் விளையாடிய பொருள்களும் அந்தக் கரையோர வாழ்க்கையை அவருடைய நாவல்களின் பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றன. எவ்வளவு அழகாகப் பேணியிருக்கிறார்கள் என்று வியந்துதான் திரும்பினோம். சிங்கள வாசகர்களுக்குக் கிடைத்திருப்பது சரியானது, அது அவர்களுக்கு வேண்டும். அதே கவனம் மலைக்கு வரவில்லை. மலைக்கு வந்த கவனம் வேறு வகை. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்ட தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்த கல்லாசனம் காட்டப்படுகிறது, அவர் குடியிருந்த இடத்தின் எச்சம் காட்டப்படுகிறது. துரைமார் பங்களாக்கள் பல மெருகேற்றப்பட்டு, ஓர் இரவுக்கு ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைக் கேட்கும் விடுதிகளாக இருக்கின்றன. நட்டவரை நினைவுகூர்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் காட்டிய இடத்தில் குழி தோண்டியவர்கள் யார் என்பதை எழுதி வைத்தவருடைய வீட்டை யாரும் காட்டாமல், டெய்லரின் ஆசனத்தை மட்டும் காட்டினால், பார்க்க வருகிறவர் பாதி வரலாற்றோடு மலையிறங்கிப் போகிறார்.

புசல்லாவைப் பக்கம் ஒரு சமூக நிறுவனம் பழைய லயமொன்றைத் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி நடத்தி வருகிறது. அம்மியும் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பழைய சம்பளச் சீட்டுகளும் அங்கே இருக்கின்றன. அரசு செய்யாத காரியத்தைச் சிலர் தங்கள் முயற்சியால் செய்ய முடிந்திருக்கிறது என்றால், அதிகாரமும் நிதியும் உள்ள உங்களால் செய்ய முடியாது என்பதை நான் நம்பவில்லை.

இனி, வீட்டை விடவும் அவசரமான ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தந்தை தோட்டப் பாடசாலை ஆசிரியர். சி. வி. தோட்டத்துப் பாடல்களைச் சேகரிக்கிறார் என்று அறிந்து, தாமும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலும் மலையிலும் கேட்டவற்றை மாணவர் அப்பியாசக் கொப்பிகளில் எழுதத் தொடங்கினார். ஏழு கொப்பிகள். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு, கப்பலேறி வந்த பாட்டு. எழுதியவற்றைச் சேர்ப்பிக்க வாய்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் அவை கிடந்தன. அவர் இறந்த ஆண்டு, மழை விட்ட ஒரு நாளில், நானும் என் அண்ணனும் அந்தப் பெட்டியைத் திறந்தோம். ஏழு கொப்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிச் சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரே துண்டாகிக் கிடந்தன. மேலட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் சவர அலகால் மெல்லக் கீறிப் பிரித்துப் பார்த்தார். மூன்று இடத்தில்தான் விரிந்தது. மையால் எழுதியது முழுக்க நீலக் கறையாகிவிட்டது. பென்சிலால் எழுதிய ஒரு பக்கம் மாத்திரம் பிழைத்திருந்தது. நிறுவையில் குறைத்துப் போடும் கணக்கப்பிள்ளையைப் பார்த்து ஒரு பெண் பாடும் பாட்டு, பதினொரு வரி. பாடியவருடைய பெயரை அப்பா ஓரத்தில் குறித்திருந்தார். அந்த அம்மாவின் பேத்தி இன்றும் அதே மலையில் கொழுந்து பறிக்கிறார். நான் அந்த வரிகளைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது, தன் பாட்டிக்குப் பாடத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மலையகத்தில் இப்படி எத்தனை பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றனவோ! சி. வி.யின் கடிதங்கள், தட்டச்சுப் பிரதிகள், அவர் எழுதிய பத்திரிகைகளின் பழைய இதழ்கள், அவரோடு தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர்களின் நாட்குறிப்புகள் ஆகியவை தனியார் வீடுகளில், வயதானவர்களின் பாதுகாப்பில் இருக்கும். நூலகம் நிறுவனம் போன்றவர்கள் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமமாக்கித் தருவதால்தான் என் மாணவர்களால் பல மலையகப் புத்தகங்களைக் கைப்பேசியிலாவது வாசிக்க முடிகிறது. அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்து கொடுக்க ஒருவர் முன்வர வேண்டும் என்றால், அதைக் கொண்டுபோய் நம்பிக் கொடுப்பதற்கு இந்த மலையிலேயே ஈரம் படாத ஓர் அறை இருக்க வேண்டும். கொழும்புக்குக் கொண்டுபோ என்று எழுபது வயதுக் கிழவியிடம் சொல்லிப் பயனில்லை.

உங்களில் சிலர் சொல்லப்போகும் மறுமொழி எனக்குத் தெரியும். மக்களுக்கே வீடில்லாதபோது இறந்தவருக்கு வீடா என்பீர்கள். இந்தக் கேள்வியை ஒரு தொழிலாளி கேட்டால் நான் தலை குனிந்து கேட்பேன். காணி கொடுக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்கக் கூடாது. மக்களுக்குச் சொந்தக் காணியும் தனி வீடும் வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தக் கோரிக்கையும் ஒன்றோடொன்று போட்டியிடுபவை அல்ல. இரண்டும் ஒரே உறுதிப்பத்திரத்தைத்தான் கேட்கின்றன. லயங்களை இடிக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த இருட்டிலும் புகையிலும் இனி ஒரு பிள்ளையும் பிறக்கக் கூடாது. இடிப்பதற்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்பதைப் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையின் ஒரு பகுதி இடம் மாறியதை நாங்கள் கண்முன் பார்த்தவர்கள். நான் சிறுமியாக இருந்தபோது நடந்து போன தெரு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இடங்கள் எவ்வளவு விரைவாக இல்லாமல் போகும் என்பதை எங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன். மடகொம்பரையில் சி. வி.யின் வீடும் அதைச் சுற்றியுள்ள காணியும் நில அளவை செய்யப்பட்டு, தோட்டக் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பொது நம்பிக்கைப் பொறுப்பொன்றின் பெயரில் உறுதி எழுதப்பட வேண்டும். அந்தப் பொறுப்பில் தோட்டத்து மக்களின் பிரதிநிதிகள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்; கொழும்பிலிருந்து பெயர் நியமித்து அனுப்பும் குழு வேண்டாம். அந்தக் காணியில் இன்று எவராவது குடியிருந்தால், அவர்களுக்கு அதே தோட்டத்தில் இதைவிட நல்ல வீடும் காணியும் உறுதியோடு கொடுத்த பிறகே அவர்களை இடம் மாறச் சொல்ல வேண்டும். ‘வீடற்றவன்’ எழுதியவரின் பெயரால் ஒரு குடும்பம் வீடிழந்தால் அதைப் போன்ற அவமரியாதை அவருக்கு வேறில்லை. பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கும் பணியைத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொடங்க வேண்டும். தொடங்க முடியாதென்றால் எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும்.

அதோடு, தலவாக்கலை நகரில் ஈரம் படாத, தீப்பிடிக்காத ஓர் ஆவண அறையும் வாசிப்பு மண்டபமும் வேண்டும். அதற்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. நல்ல கூரை, இரும்பு அலுமாரிகள், ஒரு வருடியந்திரம், தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த ஒரு நிரந்தர உத்தியோகத்தர் போதும். அந்த உத்தியோகத்தர் தோட்டம் தோட்டமாகப் போய், பெட்டிகளைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய குரலைப் பதிவு செய்ய வேண்டும். இதை இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே செய்ய முடியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது ஒரு கட்டடத்தின் செலவுகூட அல்ல. சி. வி.யின் நூல்கள் அச்சில் மீண்டும் வந்து, மலையகப் பாடசாலை நூலகம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் மூன்று மொழிகளிலும் அவர் யார் என்று சொல்லும் பலகை ஒன்று வைக்கப்பட வேண்டும். இது மற்றவற்றை விடச் சிறியது, ஒரு வாரத்தில் முடியக்கூடியது. பலகையை மட்டும் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டாம் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 1947இல் அவர் எழுந்து பேசிய அதே மன்றத்தில், இந்த வீட்டுக் காணி எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம், எந்த ஆண்டு வரை இருக்கிறது என்ற கேள்வியை வாய்மூல விடைக்காக எழுப்புங்கள். உங்கள் கட்சி எதுவாக இருந்தாலும், அந்த விடை ஹன்சாட்டில் பதிவாகட்டும்.

பதினான்கு பிள்ளைகளின் கடிதத்துக்கு வந்த நான்கு வரிப் பதிலை மீளப்பெற்று, ஒவ்வொரு கேள்விக்கும் தமிழில் விடையெழுதி, எதிர்வரும் செப்டெம்பர் 14ஆம் திகதிக்கு முன் அனுப்பிவையுங்கள். கடிதத்தின் பிரதியை இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன். கையெழுத்துகளின் வரிசையில் கடைசியாக இருப்பது, மடுவத்துச் சுவரை வாசித்துக்கொண்டு வந்த பிள்ளையுடையது. பதிலை அவள் பெயருக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தலவாக்கலை.